தாபரிப்பு வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது சட்ட உதவி ஆணைக்குழுவை நாட முடியுமா?

பெறாமகள், கொட்டாஞ்சேனை:

வணக்கம். என் சித்தியின் பொருட்டு இதை எழுதுகிறேன். அவர் முகத்துவாரத்தில் ஓர் அறையும் குசினியும் மட்டுமே உள்ள வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறார். மூத்தவளுக்கு 14 வயது, இளையவனுக்கு 9 வயது. பகலில் இரண்டு வீடுகளில் சமைக்கிறார். இரவில் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்து, எண்ணிக்கைக்கு ஏற்பக் காசு வாங்குகிறார். ஒரு தனியார் கம்பனியில் லொறிச் சாரதியாக இருக்கும் சித்தப்பா மூன்று ஆண்டுகளுக்கு முன் வீட்டை விட்டுப் போனார். அன்றிலிருந்து பிள்ளைகளின் செலவுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை.

கடந்த ஆண்டு தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு சட்டத்தரணியைப் பிடித்துத் தாபரிப்பு வழக்கு, அதாவது பராமரிப்புச் செலவு கேட்கும் வழக்குப் போட்டோம். நீதிமன்றத் தவணை நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் என்று பேசிக்கொண்டார்கள். இதுவரை எட்டுத் தவணைகள் போயிருக்கின்றன; அவற்றில் இரண்டில் மட்டுமே வழக்கு எடுக்கப்பட்டது. ஆறாவது தவணைக்குச் சித்தி தன் தோட்டை அடகு வைத்தார். இனி அடகு வைக்க அவரிடம் எதுவும் இல்லை.

சென்ற மாதம் வழக்குக் கடதாசிகளின் பிரதிகளை வாங்கி, சிங்களம் வாசிக்கத் தெரிந்த அயல்வீட்டு அக்காவிடம் காட்டினேன். அவர் சித்தி கையொப்பமிட்ட சத்தியக் கடதாசியை வாசித்துக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். சித்தி தையல் தொழில் நடத்தி மாதம் 35,000 ரூபாய் உழைப்பதாகவும், சித்தப்பா கடந்த ஆண்டு தை மாதம் வரை மாதந்தோறும் 10,000 ரூபாய் கொடுத்து வந்ததாகவும் அதில் எழுதியிருக்கிறது. இரண்டும் உண்மையல்ல. சித்தியிடம் கேட்டபோது, "இந்த இடத்தில் ஒப்பம் வையுங்கள் என்றார்கள், வைத்தேன்" என்றார். அவருக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம் மட்டுமே. நீதிமன்றத்தில் நீதவான் ஏதோ கேட்பார், சட்டத்தரணி ஏதோ சொல்வார், சித்தி வெளியே வந்து அடுத்த தவணை எப்போது என்று என்னிடம் விசாரிக்கச் சொல்வார்.

நான் அறிய விரும்புவது மூன்று விடயங்கள். வழக்கு நடுவில் இருக்கும்போது சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போக முடியுமா? சம்பளச் சீட்டு இல்லாத ஒருவர் தம் வருமானத்தை எப்படிக் காட்டுவது? அந்தச் சத்தியக் கடதாசியைத் திருத்த வழி உண்டா? இவற்றைவிடப் பெரிய தடை ஒன்றும் இருக்கிறது. "சும்மா கிடைக்கும் சட்டத்தரணி சும்மாதான் வந்து நிற்பார், நான் யாரிடமும் கையேந்தவில்லை" என்று சித்தி சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளவத்தை வாசகர்:

தங்கச்சி, வருமானத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பாராமலே இலவச சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. இதைப் பற்றித் தமிழில் ஒரு காணொளி பார்த்தேன், பன்னிரண்டாம் பிரிவு என்று தெளிவாகவே சொன்னார்கள். நேரே போய்க் கேளுங்கள்.

கறுப்புக் கோட்டு:

மேலே எழுதிய நண்பர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் பார்த்தது இந்தியச் சட்டம். 1987ஆம் ஆண்டின் சட்டச் சேவைகள் அதிகாரசபைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இந்தியாவில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த உரிமையைத் தருகிறது. தமிழில் இணையத்தில் கிடைக்கும் சட்ட விளக்கங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருவதால், இங்குள்ள நம் மக்கள் அதை நம்பி அலுவலகத்துக்குப் போய், வருமானச் சான்று கேட்கப்பட்டதும் ஏமாற்றப்பட்டோம் என்று திரும்பி வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நம் நாடான இலங்கையில் இதற்கு அடிப்படை 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க சட்ட உதவிச் சட்டம். அதன் கீழ்தான் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தலைமை அலுவலகம் புதுக்கடையில், ஹல்ஸ்டோப் வீதி மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் இருக்கிறது. நாடு முழுவதும் நீதிமன்றங்களை அண்டிக் கிளை நிலையங்களும் உள்ளன. ஆலோசனை கேட்பதற்கு எவரும் போகலாம். நீதிமன்றத்தில் உங்களுக்காக ஒரு சட்டத்தரணி தோன்ற வேண்டுமானால்தான் வருமானம் பார்க்கப்படும். வழக்கில் நியாயம் இருக்கிறதா என்பதும் பார்க்கப்படும். வருமான எல்லை அவ்வப்போது மாற்றப்படுவது. ஆகவே யாரோ சொன்ன பழைய தொகையை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாமல் நேரில் கேளுங்கள்.

வழக்கு நடுவில் இருப்பது தடையல்ல. மாவட்ட நீதிமன்ற வழக்காக இருந்திருந்தால், முன்னைய சட்டத்தரணிக்குக் கொடுத்த பிரொக்சியை, அதாவது தமக்காக வழக்கை நடத்த எழுதிக் கொடுத்த அதிகாரத்தை, நீதிமன்றத்தின் அனுமதியுடன் இரத்துச் செய்துவிட்டுத்தான் புதியவருக்குக் கொடுக்க முடியும். நீதவான் நீதிமன்றத் தாபரிப்பு வழக்கில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் முன்னையவரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அவர் தாமதித்தால், நீதிமன்றப் பதிவகத்தில் விண்ணப்பித்து வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதியைப் பெறுங்கள். புதிதாக வழக்கை ஏற்பவருக்கு உங்கள் வாய்மொழியைவிட அந்த ஏடுதான் பயன்படும்.

இனி, என்னை உண்மையில் கலங்கவைத்த விடயத்துக்கு வருகிறேன். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, மனைவிக்குத் தாபரிப்புக் கிடைக்க வேண்டுமானால், போதிய வசதியுள்ள கணவன் அவரைப் பராமரிக்கத் தவறினார் அல்லது நியாயமின்றி மறுத்தார் என்பதும், மனைவியால் தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலவில்லை என்பதும் காட்டப்பட வேண்டும். உங்கள் சித்தியின் சத்தியக் கடதாசியில் உள்ள இரண்டு பொய்யான வரிகளையும் இப்போது மீண்டும் வாசியுங்கள். 35,000 ரூபாய் என்ற வரி, தம்மைத் தாமே பராமரிக்க இயலாது என்ற கூற்றை உடைக்கிறது. மாதம் 10,000 ரூபாய் கொடுத்தார் என்ற வரி, அந்தக் காலம் முழுவதும் அவர் பராமரிக்கத் தவறவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கொடுக்கிறது. கவனக்குறைவாக வேறொருவரின் மாதிரியிலிருந்து எடுத்து எழுதப்பட்ட வரிகளாகவே இவை இருக்கலாம், ஆனால் குறுக்கு விசாரணையில் அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சித்திதான். எனவே விசாரணையில் அவர் சாட்சியம் அளிப்பதற்கு முன்பாகவே, பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதை விளக்கும் திருத்திய சத்தியக் கடதாசி ஒன்றைத் தாக்கல் செய்ய அனுமதி கேட்க வேண்டும். சட்ட உதவி நிலையத்தில் நீங்கள் முதலாவதாகச் சொல்ல வேண்டியது இதுவே. தவணைக் காசு, அடகு, அலைச்சல் ஆகியவற்றையெல்லாம் அதன் பிறகு சொல்லலாம்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை நிலைமை இவ்வளவு மோசமில்லை. பிள்ளைகளுக்கான கடமை தாய், தகப்பன் இருவருக்கும் உரியது. 18 வயதோடு எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. தம்மைப் பராமரிக்க இயலாத நிலையில் இருந்தால் 25 வயது வரை கோர இச்சட்டத்தில் இடம் இருக்கிறது. மூத்தவள் படிப்பைத் தொடர விரும்பினால் இது நினைவில் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற முதலியார்:

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். சட்டத்தரணி ஐயா சொன்னவற்றோடு மொழியைப் பற்றிச் சில வார்த்தைகள் சேர்க்க விரும்புகிறேன். என் அனுபவத்தில் ஏழைகளின் வழக்குகள் பணத்தால் தோற்பதற்கு இணையாக மொழியாலும் தோற்கின்றன.

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சிங்களமும் தமிழும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகள் என்கிறது. கொழும்பில் வழக்கேடு சிங்களத்தில் எழுதப்படும் என்பது உண்மை. ஆனால் வழக்காளி தம் மனுவையும் ஏனைய ஆவணங்களையும் தமிழிலேயே கொடுக்கலாம். தமிழிலேயே வழக்கில் பங்குபற்றலாம். நடப்பது விளங்காவிட்டால் அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெற அவருக்கு உரிமை உண்டு. வழக்கேட்டில் அவர் பெறத்தக்க பகுதியின் மொழிபெயர்ப்பையும் கேட்டு வாங்கலாம். இதற்காக எவரிடமும் கெஞ்சத் தேவையில்லை.

இவ்வளவும் எழுத்தில் இருந்தும் ஏன் நடப்பதில்லை என்று கேட்பீர்கள். மொழிபெயர்ப்பாளர் நீதவானின் ஆசனத்துக்குக் கீழே நிற்பார். காலையில் வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக அழைக்கப்படும். ஒரு தரப்புக்குச் சட்டத்தரணி எழுந்து நின்றுவிட்டால், அந்தத் தரப்புக்கு எல்லாம் விளங்குகிறது என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிடும். என் சேவைக் காலத்தில் ஒரு தாய் கையில் பஸ் டிக்கட்டின் பின்புறத்தில் எழுதிய வழக்கிலக்கத்தோடு கூண்டருகே வந்து நின்றார். தொகை ஒன்று வாசிக்கப்பட்டது. "கெமதித?" (சம்மதமா?) என்று சிங்களத்தில் கேட்கப்பட்டது. அவர் "ஓவ்" (ஆம்) என்றார். அந்தச் சொல் அவருக்குத் தெரியும், அதற்கு முன் வாசிக்கப்பட்டதுதான் தெரியாது. வெளியே வந்தபின் என்னிடம், "ஐயா, ஒரு பிள்ளைக்கு அவ்வளவு என்றால் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து எவ்வளவு வரும்?" என்று கேட்டார். அவர் இணங்கியது மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்த தொகைக்கு. நான் அன்று வேறொரு வழக்கின் சாட்சிக்கு மொழிபெயர்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அது எழுதப்பட்டுவிட்டது. அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

ஆகவே, பிள்ளை, உங்கள் சித்திக்கு ஒரேயொரு வாக்கியத்தைப் பழக்கிவிடுங்கள். வழக்கு அழைக்கப்பட்டதும், யார் தமக்காக நின்றாலும், "எனக்குத் தமிழில் சொல்லுங்கள் ஐயா" என்று அவர் தம் வாயால் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டவரை எந்த நீதவானும் கடிந்து நான் கண்டதில்லை. மொழிபெயர்த்து முடியும்வரை எதற்கும் "ஓவ்" சொல்லக் கூடாது.

சத்தியக் கடதாசியைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். எழுதப்பட்டிருக்கும் மொழி விளங்காத ஒருவர் சத்தியக் கடதாசி முடிக்கும்போது, அது அவருடைய மொழியில் வாசித்துக் காட்டப்பட வேண்டும். அவ்வாறு வாசித்துக் காட்டப்பட்டது, அவர் விளங்கிக்கொண்டார் என்பதை இறுதி வாசகத்திலேயே சத்தியப்பிரமாண ஆணையாளர் குறிப்பிட வேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் உள்ள பழைய விதி இது. உங்களிடம் உள்ள பிரதியின் கடைசிப் பந்தியைப் பாருங்கள். அந்த வாசகம் அங்கே இல்லையென்றால், திருத்தம் கேட்பவருக்கு அதுவே நல்லதொரு காரணம். இருந்தால், யாரும் வாசித்துக் காட்டவில்லை என்பதைச் சித்தி தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

மட்டக்குளி அம்மா:

நான் இந்த வழியில் நடந்து வந்தவள் என்பதால் எழுதுகிறேன். சட்டம் பற்றிப் படித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் கடதாசிகளைப் பற்றிச் சொல்கிறேன். சித்தியின் அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், இரண்டு பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், வழக்கிலக்கம், அடுத்த தவணைத் திகதி, கிராம உத்தியோகத்தரிடமிருந்து வருமானச் சான்று ஆகியவை கையில் இருக்கட்டும். சம்பளச் சீட்டு இல்லையென்று பயப்பட வேண்டாம். வீட்டு வேலை செய்பவர்களிடம் அது இருக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். சமைக்கும் இரண்டு வீட்டாரிடமும் மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடம் போனால் அவருக்கும் எழுதுவது இலகுவாக இருக்கும். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும கிடைத்தால் அதன் விபரத்தையும் கொண்டுபோங்கள். எல்லாவற்றிலும் இரண்டு போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

நான் செய்த இன்னொரு காரியமும் உதவியது. பாடசாலைக் கொப்பி ஒன்றில் ஒரு மாதச் செலவை நாளாந்தம் எழுதினேன். பாண், பால்மா, பஸ் காசு, சின்னவனின் மருந்து, பாடசாலையில் கேட்ட காசு, மண்ணெண்ணெய் என்று எல்லாமே அதில் இருந்தன. எனக்காக வந்த சட்டத்தரணி பெண்பிள்ளை, வயதில் என் மகள் போல. அவருக்கு அன்று காலையில் ஆறேழு வழக்குகள் இருந்தன. என்னோடு உட்கார்ந்து கதைக்க நிறைய நேரம் இருக்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கொப்பியை வாங்கி வாசித்தார். விசாரணையில், பிள்ளைகளுக்கு மாதம் எவ்வளவு தேவை என்று எதிர்ப்பக்கம் கேட்டபோது அதைத்தான் விரித்துக் காட்டினோம். என் கணவரின் சம்பளத்தை அவர் வாயால் ஒருநாளும் சரியாகச் சொல்லவில்லை. கம்பனியின் கணக்காளருக்கு அழைப்பாணை போய், அவர் வந்து சொன்ன பிறகுதான் உண்மைத் தொகை வெளியே வந்தது. உங்கள் சித்தப்பாவும் கம்பனி லொறி ஓட்டுகிறார் என்பதால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

சித்தியிடம் என் பேரால் ஒன்று சொல்லுங்கள். நானும் கூச்சப்பட்டேன். கிராம உத்தியோகத்தர் முன்னால் என் வருமானத்தைச் சொன்னபோது எனக்குப் பின்னால் வரிசையில் தெரிந்த ஆட்கள் நின்றார்கள், முகம் சூடாகிவிட்டது. ஆனால் நாம் வாங்கும் ஒவ்வொரு பால்மாப் பக்கற்றிலும் சவர்க்காரத்திலும் வரி கட்டுகிறோம். அந்தக் காசில்தான் அந்தச் சட்டத்தரணி வருகிறார். சித்தி முன்னமே கொடுத்துவிட்ட காசுக்கு உரியதைக் கேட்டு வாங்கப் போகிறார், அவ்வளவுதான்.

பெறாமகள், கொட்டாஞ்சேனை:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமைகளுக்குப் பிறகு வருகிறேன். மட்டக்குளி அம்மா எழுதியதைச் சித்திக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். முதல் முறை ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் முறை முடிந்ததும் எழுந்து போய் அலுமாரிக்கு மேலிருந்த கடதாசிப் பையை இறக்கிக்கொண்டு வந்தார்.

புதுக்கடைக்கு நானும் அவரோடு போனேன். எங்களோடு பேசிய உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. முதலில் சத்தியக் கடதாசியைப் பற்றியே சொன்னோம். அவர் கடைசிப் பந்தியை வாசித்தார். முதலியார் ஐயா சொன்ன வாசகம் அதில் இல்லை. சத்தியக் கடதாசி முழுவதையும் அவர் வரிவரியாகத் தமிழில் சித்திக்குச் சொன்னார். தான் சத்தியம் பண்ணியதாகச் சொல்லப்படும் கடதாசியில் என்ன இருக்கிறது என்று சித்தி முழுமையாகக் கேட்டது அன்றுதான். விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டு, ஒரு சட்டத்தரணி நியமிக்கப்பட்டிருக்கிறார். முன்னைய சட்டத்தரணி கோப்பைத் தந்துவிட்டார், அதில் தகராறு எதுவும் வரவில்லை.

இப்போது இரண்டு சந்தேகங்கள் மீதமிருக்கின்றன. வழக்கு முடியும்வரை பிள்ளைகளுக்கு ஏதாவது கிடைக்க வழி உண்டா? ஆணை கிடைத்த பிறகும் சித்தப்பா கொடுக்காமல் விட்டால், அல்லது மேன்முறையீடு செய்து இழுத்தடித்தால் என்ன செய்வது?

கறுப்புக் கோட்டு:

கோப்புச் சுமுகமாகக் கிடைத்தது பெரிய ஆறுதல். முதலாவது கேள்விக்கு, இடைக்காலத் தாபரிப்பு ஆணை கேட்கலாம். புதிய சட்டத்தரணியிடம் திருத்திய சத்தியக் கடதாசியோடு சேர்த்து இதையும் கேட்கச் சொல்லுங்கள். மட்டக்குளி அம்மாவின் செலவுக் கொப்பி இந்தக் கட்டத்திலேயே உதவும்.

இரண்டாவதற்கு, ஆணையை மீறினால் அவருடைய சம்பளத்திலிருந்து தொகையைப் பிடித்து அனுப்பும்படி கம்பனிக்கு உத்தரவிட நீதவானால் முடியும். அதையும் தாண்டி நிலுவை இருந்தால், செலுத்தப்படாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதத்துக்கு மேற்படாத சிறைத்தண்டனை விதிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. சிறைக்கு அனுப்புவதால் பிள்ளைகளுக்குச் சோறு வராது, ஆதலால் நான் சம்பளப் பிடிப்பையே முதலில் கேட்பேன். நிரந்தர வேலையில் உள்ள ஒருவரிடம் அதுவே ஒழுங்காக வேலை செய்கிறது. மேன்முறையீடு மேல் நீதிமன்றத்துக்குப் போகும். ஆனால் மேல் நீதிமன்றம் காரணம் காட்டி வேறுவிதமாகப் பணித்தாலன்றி, மேன்முறையீடு செய்ததால் மட்டும் தாபரிப்பு ஆணை நின்றுவிடாது. அதுவரை அவர் கொடுத்தே ஆக வேண்டும்.

அவர் வேலை மாறினால் சம்பளப் பிடிப்பு அறுந்துவிடும். லொறியின் பக்கத்தில் எழுதியிருக்கும் கம்பனிப் பெயரைப் பிள்ளைகளில் ஒருவர் கண்டு சொன்னாலும் உடனே குறித்துவைத்து, அடுத்த தவணையில் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.